அட்வான்ஸில் கழித்தது

காந்தி ரோட்டு லாட்ஜுகளுக்கு நடுவே
என் கடை பத்தடி அகலம்.
பம்பு ஸ்டவ், குக்கர், தோசைக்கல், பக்கெட், பாய்,
எல்லாம் நாள் வாடகை.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
நோயை ஊரிலிருந்து கொண்டுவருவார்கள்,
சட்டியை என்னிடம் எடுப்பார்கள்.

நோட்டில் அவரை முத்துசாமி என்று எழுதினேன்.
'மூட்டூசாமி' என்று திருத்தினார்.
கெல்வின் மூட்டூசாமி. ஊர் டிரினிடாட்.
பார்த்தால் காட்பாடி ரயில்வேக்காரர் மாதிரிதான்,
வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை.
டீக்கடை தஸ்தகீர் விடுவானா?
'கப்பலேறின பாட்டன் எந்த ஊரு,
ஆரணியா வாலாஜாவா?'
அவர் சிரித்தார். என் மகள் அர்த்தம் சொன்னாள்:
'கப்பல் காகிதத்தில் வெள்ளைக்காரன் எழுதிய ஊர்
எந்த மேப்பிலும் இல்லை.
நான் ஊர் தேடி வரவில்லை.
காது பார்க்க வந்தேன்.'

இடது காதுக்கு உள்ளே கட்டி,
கோலிக்குண்டு அளவு.

மனைவி கிளெண்டா, சுருட்டை முடியில் மஞ்சள் துணி.
என் ஸ்டவ்வுக்கு நூறு தடவை பம்பு அடித்து,
மஞ்சள் போட்ட மாவை மெத்தென்று பொரித்து,
இரண்டுக்கும் நடுவே கொண்டைக்கடலை வைத்தாள்.
'டபுள்ஸ்' என்று நீட்டினாள்.
வேலைக்குப் போகிற வழியில், நடைபாதையில்,
நின்றுகொண்டே தின்கிற பண்டமாம்.
உட்கார்ந்தால் ருசி போய்விடுமாம்.
பக்கத்து அறை அசன்சோல் அம்மாள்
மூன்று தின்றுவிட்டு, காரம் போதாது என்றாள்.
கிளெண்டாவுக்கு வேறு குறை:
மல்லி வாசத்தில், விளிம்பில் முள்ளோடு, நீளமாய்
ஓர் இலை இருக்கிறதாம் அவள் கொல்லையில்.
நேதாஜி மார்க்கெட் முழுக்க அலைந்தாள்.
கட்டுக் கட்டாய் வாங்கி மோந்து பார்த்து
கட்டுக் கட்டாய்த் திருப்பிக் கொடுத்தாள்.
கீரைக்காரி என்னிடம் வந்து சண்டை போட்டாள்.

கரண்ட் போன ஒரு ராத்திரி
லாட்ஜ் படியில் அவர் தொழிலைக் கேட்டேன்.
எண்ணெய் பீப்பாய்க்குச் சுரம் வைப்பது.
'தோல் மேளம் கூடாது என்றார்கள்,
மூங்கிலைத் தட்டினோம்.
மூங்கிலும் கூடாது என்றார்கள்,
பிஸ்கட் டின், பெயின்ட் டின்,
கடைசியில் கம்பெனி வீசிய பீப்பாய்.
அடியை அடித்துக் குழியாக்கி
ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சுரத்தை உட்காரவைப்போம்.
கார்னிவலுக்கு முந்தின வாரம்
தகரக் கொட்டகையில் யாரும் தூங்குவதில்லை.
திங்கள் விடியுமுன்னே உடம்பெல்லாம் சேறு பூசி
பாங்க் மேனேஜரும் மீன்காரனும்
ஒரே நிறமாய் ஆடுவார்கள்.'
சொல்லும்போது
வலது காதை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.
தார் பீப்பாய் ஏற்றிய லாரி ஒன்று
குலுங்கிப் போனது.
'ஜி' என்றார்.
லாரிக்கா எனக்கா, தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்தது.
கட்டியோடு இடது காதும் போனது.

ஊருக்குக் கிளம்பும் நாள் பாத்திரம் திரும்பியது.
குக்கர் சரி, ஸ்டவ் சரி.
எவர்சில்வர் அண்டாவின் அடியில்
ஒன்பது பள்ளம்.
பஞ்சர் கடைச் சுத்தியலை
இரண்டு நாள் இரவல் வாங்கியிருக்கிறார்.
வியாபாரம் வியாபாரம்தான்.
அட்வான்ஸில் இருநூற்றைம்பது கழித்தேன்.
அவர் பேரம் பேசவில்லை. கிளெண்டா பேசினாள்,
நூற்றைம்பதில் நின்றது.

பிறகு அவர் அண்டாவைக் கவிழ்த்து
ரப்பர் பேண்டு சுற்றிய இரண்டு பென்சிலால் தட்டினார்.
எதிரே ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.
அது என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.
நடுவில் நிறுத்தி, நாலாவது பள்ளத்தைத் தொட்டு,
'இது தப்பு' என்றார்.
எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.
தலையாட்டி வைத்தேன்.

அகர்தலா குடும்பம் ஒன்றுக்கு அதைக் கொடுத்தேன்.
அடுப்பில் நிற்காமல் ஆடுகிறதென்று
மறுநாளே வந்துவிட்டது.
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
வாடகை இல்லை, தினம் துடைக்கிற வேலை மட்டும்.

ராத்திரி ஷட்டரை இழுக்கும் முன்
விரலால் ஒரு சுற்றுத் தட்டுவேன்.
ஆமாம்,
நாலாவது கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.